பெட்டி லான்சரின் கூரை

என் தம்பியைக் கொன்றவன் கையில் கிடைத்தால், பன்றி எலும்பு வெட்டுகிற கத்தியாலேயே அவனைக் கூறு போடுவேன் என்று நான் சொல்லாத நாளே கிடையாது. கடைக்குச் சாப்பிட வருகிறவர்களிடம் சொன்னேன், மீன்காரியிடம் சொன்னேன், பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாதிரியாரிடமே சொன்னேன். "மன்னிக்கப் பழகு மகளே" என்றார் அவர். "ஆள் யாருன்னு காட்டுங்க ஃபாதர், மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அதோடு என்னைப் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்து ஹாரோ சதுக்கத்துக்குப் பின்னால் பாச்சோய் கடை வைத்திருப்பவள் நான். நெனித்தா என்றால் எல்லாருக்கும் தெரியும். என் நூடுல்ஸ் சூப்புக்காகப் பாதிப் பேர், என் வாய்க்காகப் பாதிப் பேர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பி வில்மோரை நான்தான் வளர்த்தேன். அவன் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு மஞ்சள் பெட்டி லான்சர் கார். நான்கு மூலையும் செதுக்கி வைத்த பழைய மாடல். வெயிலில் வெளுத்து, கதவு விளிம்பெல்லாம் துரு தின்று, பானெட்டில் வண்ணம் மீன் செதில் மாதிரி உரிந்து கிடக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். ஆனால் தெருவில் நிறுத்தினால் பழைய வண்டிப் பைத்தியங்கள் ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். விற்கிறாயா என்று கேட்காதவன் இல்லை. வில்மோர் சிரித்துக்கொண்டே, "என்ன வேணா கேளுங்க, இத மட்டும் கேக்காதீங்க" என்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கிய சமயம், அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணமகளைத் தேவாலயத்துக்கு இந்த ஓட்டை வண்டியிலா கூட்டிப் போவாய் என்று நான் நச்சரித்ததில், முழுவதும் தேய்த்து, புதிதாக மஞ்சள் அடிக்கச் சம்மதித்தான். பக்கத்து ஊர் ஓட்டோனில் இருந்த பெயிண்ட் பட்டறைக்கு எடுத்துப் போகிற அன்று மத்தியானம், கடைக்குப் பின்னால் வண்டியில் ஏறப்போனவன் தலைக்கு மேலே கிளை முறிகிற சத்தம் கேட்டது. பெரிய பலாப்பழம் ஒன்று நேராக வண்டிக் கூரையில் வந்து விழுந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வாணலியை உட்கார வைக்கலாம் போல் ஒரு பள்ளம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எப்படியும் பட்டறைக்குத்தானே போவுது, தட்டி எடுத்துடுவாங்கக்கா. நீ பழத்த வெட்டி வை, வந்து திங்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

பட்டறைக்கு அவன் போய்ச் சேரவேயில்லை. பொழுது சாய்வதற்குள் ஓட்டோன் தாண்டி வயல் ஓரத்தில் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. வண்டி மாயம். போலீஸில் கேட்டதை எல்லாம் சொன்னேன். நிறம், எண், இன்ஜின் நம்பர் எல்லாம். வண்டித் திருடர்கள் வேலை, இந்நேரம் பிரித்துக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள் என்றார்கள். பலாப்பழத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவன் கடைசியாகச் சிரித்த சிரிப்பு அது. அதை எவனுக்கோ வாக்குமூலமாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்மோர் இருந்தபோதே என் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் கூடுவார்கள். பிளாஸ்டிக்கில் குட்டிக் கார் கட்டுகிறவர்கள். இருபத்துநாலில் ஒன்று அளவு, ஒரு சாண் நீளம்கூட வராது. பல் டாக்டர் வெனான்சியோ அண்ணன், நோயாளி வாயில் விடுகிற கருவிகளையே கார் கதவுக்கும் விடுவார். டெல்ஃபின், துறைமுகத்தில் குமாஸ்தா, வாயாடி. கிரிசாந்தோ, மோலோவில் கேமரா கடை வைத்திருப்பவன், மூவரில் அவன் கைதான் கை. புது காரைக் கட்டுவதில் இவர்களுக்கு ருசியே இல்லை. கட்டி முடித்ததைப் பழசாக்குவதுதான் வித்தை. முதலில் துரு நிறம் அடித்து, ஈரத்தில் உப்புக்கல்லைத் தூவி, அதன்மேல் மஞ்சள் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உரிந்த பெயிண்ட்டும் அடியில் துருவுமாக அசல் கிழட்டு வண்டி எழுந்து நிற்கும். தம்பி போன பிறகு நானும் கற்றுக்கொண்டேன். அவன் வண்டியையாவது ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

இவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கறைக்கும் காரணம் சொல்ல வேண்டும். இங்கே ஏன் துரு, இங்கே ஏன் கீறல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வெயில் எங்கே விழும் என்று மற்றவர்கள் குடைவார்கள். பதில் இல்லாவிட்டால் எல்லாருடைய தூரிகையையும் அவன்தான் கழுவ வேண்டும். இன்னொரு வழக்கம், வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒரே வண்டியைக் கட்டுவது. இந்த வருடம் வில்மோர் நினைவாக அவன் பெட்டி லான்சரைக் கட்டலாம் என்று வெனான்சியோ அண்ணன் சொன்னார். நானும் சரி என்றேன். பார்த்துக் கட்டுவதற்குப் படங்கள் கொடுத்தது கிரிசாந்தோ. முன்பு அவன் தெருவில் நின்று எடுத்தவை. முன், பின், இரண்டு பக்கம். ஒன்றில்கூடக் கூரை தெரியவில்லை.

காட்டும் நாள் வந்தது. மத்தியானக் கூட்டம் போனதும் கதவைச் சாத்தினேன். அடுப்பில் எலும்பு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதை நான் அணைப்பதே இல்லை. முதலில் டெல்ஃபின் வைத்தான்.

"டேய், இது வில்மோர் வண்டியா, வாழைப்பழமா?" என்றார் வெனான்சியோ அண்ணன்.

"மஞ்சளா இருந்தா சரின்னு விட்டுட்டேண்ணே."

"கதவுக்கு மேல துரு, கதவுக்குக் கீழ பளபளன்னு. தண்ணி உன் வீட்ல மேல் நோக்கி ஓடுமா?"

டெல்ஃபினுக்குத் தூரிகை கழுவும் தண்டனை கிடைத்தது. அடுத்து அண்ணனுடையது, சுத்தமான வேலை, பல் மாதிரியே வரிசையாக. என்னுடையது சமையலறையில் பெட்டிக்குள் இருந்தது. வெட்கமாக இருந்ததால் கடைசியில் காட்டலாம் என்று வைத்திருந்தேன். மூன்றாவதாகக் கிரிசாந்தோ துணியை விலக்கினான்.

மேசை மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். அது பொம்மையே இல்லை. என் தம்பி கதவைத் திறந்து இறங்கிவிடுவான் போல இருந்தது. டெல்ஃபின் எழுந்து நின்றே விட்டான்.

"அடப்பாவி! எப்படிடா இது? ஆனா அண்ணே, இது ஹாரோ துரு இல்லையே. கடற்கரைத் துருல்ல இது? அடியிலேர்ந்து அரிச்சிருக்கு பாருங்க."

"வில்மோர் கடற்கரைக்கு நிறைய சவாரி போவான்" என்றான் கிரிசாந்தோ அமைதியாக.

அவன் கூரையைக் கழற்றி, கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே காட்டினான். இருக்கைகள், கியர் கம்பி, ஜெபமாலை தொங்கும் கண்ணாடி. ஓட்டுநர் இருக்கையின் மேல்பகுதியில் ஒரு பழுப்புக் கறை வழிந்து காய்ந்திருந்தது.

"இதுக்குக் காரணம்?" என்றான் டெல்ஃபின்.

"காபி."

"தல சாயுற எடத்துல எவன்டா காபி குடிப்பான்? வில்மோருக்கு என்ன, பிடரியிலயா வாயி?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிறகு அவன் கூரையை நிமிர்த்தி வண்டிமேல் பொருத்தினான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. நீள்வட்டம். பள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்து, தேங்கிக் காய்ந்து வளர்ந்த துரு, வளையம் வளையமாக.

அவர்கள் ஏதோ பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய் என் பெட்டியைத் திறந்து, என் வண்டியை எடுத்துவந்து, அதன் பக்கத்தில் வைத்தேன். என்னுடைய கூரையிலும் அதே இடத்தில் பள்ளம். சூடான கரண்டியை வைத்து அழுத்தி நான் செய்தது. ஆனால் அதில் துரு இல்லை. ஒரு மத்தியானம்கூட ஆகாத பள்ளத்தில் துரு எங்கிருந்து வரும்?

"இது எப்ப விழுந்த பள்ளம், கிரிசாந்தோ?" என்று கேட்டேன்.

"சும்மா, கற்பனைதான்க்கா. கூரைதான் யாருக்கும் தெரியாதே."

"கற்பனைக்கு நம்மகிட்ட எடமில்லையேப்பா. காரணம் சொல்லணும்" என்றார் வெனான்சியோ அண்ணன். அவர் இன்னும் விளையாட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தேங்கா விழுந்திருக்கும்."

"தேங்கா இல்லடா. பலாப்பழம். அவன் செத்த அன்னைக்கு மத்தியானம், இதோ இந்தச் செவுத்துக்குப் பின்னாடி. பாத்தது நானும் அவனும் மட்டுந்தான்."

கிரிசாந்தோ குனிந்து என் வண்டியைப் பார்த்தான். அந்த நேரத்தில் புத்தியுள்ள எவனும் வாயை மூடியிருப்பான், இல்லை ஓடியிருப்பான். இவன் விரலை நீட்டி என் கூரையைத் தொட்டான்.

"உன்னோடது தப்பு. பின்பக்கம் தகடு ஒரு மடிப்பு மடிஞ்சிருக்கும். அத விட்டுட்ட."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வெனான்சியோ அண்ணன் அவனையே பார்த்தபடி மெதுவாக எழுந்தார். நான் அந்தப் பழுப்புக் கறையை நினைத்தேன். காபியாம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு நைச்சியமாக அனுப்பிவிட்டு, போலீஸோடு போய் அவனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? அடுப்பிலிருந்து ஒரு அகப்பை கொதிக்கிற ரசத்தை அள்ளி அவன் முகத்தைப் பார்த்து வீசினேன். கழுத்திலும் தோளிலும் பட்டுத் தோல் சிவந்து எழும்பியது. அலறிக்கொண்டே பெஞ்சைத் தூக்கி வீசினான். அது டெல்ஃபின் வாயில் பட்டுப் பல் தெறித்தது. நான் கிரிசாந்தோவின் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினேன், ஒருமுறை, இன்னொருமுறை. அவன் மேசையில் கிடந்த பிளேடுக் கத்தியை எடுத்து என் முன்கையில் முழங்கைவரை இழுத்தான். பிடி நழுவியது. கதவை உடைத்துக்கொண்டு ஓடி, தன் காரில் ஏறிப் பறந்துவிட்டான்.

"திக்பௌவான்!" என்று கத்தினேன். "அவன் அம்மா விட்டுட்டுப் போன தென்னந்தோப்பு அங்க கடலோரமாத்தான இருக்கு? கடற்கரைத் துரு! வண்டி அங்கதான் நிக்குது. கொளுத்திடுவான், பாவி கொளுத்திடுவான்!"

டெல்ஃபின் வாயைப் பொத்திக்கொண்டே போலீஸுக்கு ஓடினான். விரலிடுக்கில் ரத்தம் வழிய, "நீங்க போங்கக்கா, நா அனுப்புறேன்" என்றான். நான் எலும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணனுடைய பிக்கப்பில் ஏறினேன். கையில் துணியைச் சுற்றினேன். சுற்றச் சுற்ற நனைந்தது.

"அந்தக் கத்தி எதுக்கு நெனித்தா?" என்றார் அவர், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"சூப்பு வைக்க."

"நா வெளையாடல."

"நானும் வெளையாடல. ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். உங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அவன் நம்ம கூடவே ஒக்காந்து உன் கையால தின்னுருக்கான்" என்றார். பாதி அவருக்கே சொல்லிக்கொண்டார். "எத்தன ஞாயித்துக்கெழம. எழவு வீட்டுக்கு வந்து சவப்பொட்டியத் தூக்கினான்டி அவன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இன்னும் வேகமா ஓட்டுங்க, இன்னும் வேகமா என்று வண்டியின் முன்பலகையில் குத்திக்கொண்டே வந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப்னி ஒவ்வொரு முக்கிலும் நின்று ஆள் ஏற்றியது. அதில் இருந்த எல்லாரையும் அன்று நான் சபித்தேன். அவன் ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும். என் தம்பிக்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும்.

தோப்புக்குள் பிக்கப் நுழைந்தபோது புகை இல்லை. பெட்ரோல் நாற்றம் மட்டும் மூக்கில் அடித்தது. கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி, திறந்த வெளியில் நின்றது என் தம்பியின் வண்டி. கொட்டகைக்குள் இடம் இருந்தும் வெளியில்தான் நிறுத்தியிருந்தான். பக்கத்தில் ஒரு வாளிக் கடல்தண்ணீரும் தூரிகையும். நாள் தவறாமல் உப்புத்தண்ணீர் பூசி வளர்த்திருக்கிறான் அந்தத் துருவை. கூரையிலும் பானெட்டிலும் பெட்ரோல் ஊற்றியிருந்தான். கேன் காலடியில் கிடந்தது. லைட்டர் அதன் பக்கத்தில்.

அவன் மண்டி போட்டு உட்கார்ந்து, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கதவு விளிம்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் வந்து சேர எடுத்த நேரத்தில் அந்த வண்டியை மூன்று முறை எரித்திருக்கலாம். அவனால் முடியவில்லை. கழுத்துத் தோல் கொப்பளித்துத் தொங்க, ஒவ்வொரு துருவையும், ஒவ்வொரு உரிசலையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மூலை ஒன்று விட்டுப்போகாமல் எடுத்து முடித்த பிறகு எரிக்கலாம் என்று.

என் காலடி கேட்டுத் திரும்பாமலே சொன்னான். "கிட்ட வராத. நெழல் விழுது."

நான் கத்தியோடு பாய்ந்தேன். அவன் உருண்டு எழுந்து, சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்து வீசினான். குறுக்கே விழுந்த வெனான்சியோ அண்ணனின் தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அப்படியே மணலில் சரிந்தார். இரண்டாவது வீச்சு என் விலாவில் விழுந்தது. மூச்சு வரவில்லை. மூன்றாவது என் தலைக்கு வந்தது. நான் கத்தியைக் குறுக்கே இறக்கினேன். அவனுடைய இரண்டு விரல் கம்பியோடு சேர்ந்து மணலில் விழுந்தது. அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கத்தியைத் திருப்பி, மொட்டைப் பக்கத்தால் முட்டியில் போட்டேன். பன்றித் தொடை உடைகிற அதே சத்தம். விழுந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கத்தியைத் தொண்டையில் வைத்தேன்.

"எதுக்குடா? சொல்லு. எதுக்குடா அவன?"

"வழியில கைய காட்டினேன், ஏத்திக்கிட்டான். பின்னாடி ஒக்காந்தேன்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "தேய்க்கப் போறேன்னான். பட்டறையில விட்டு அத்தனையும் தேய்ச்சுடுவேன்னான். கெஞ்சினேன். எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா? அவ்ளோ வருஷ வெயிலு, மழ... எவன் கையாலயும் அதச் செய்ய முடியாது. என்னாலயே முடியாது. ஒரே நாள்ல ஒரசித் தள்ளிடுவேன்னு சிரிக்கிறான். கல்யாணமாம்!"

"அதுக்கு? அதுக்காடா மண்டையப் பொளந்த?"

"அவனுக்கு அதோட அரும தெரியல."

பழிக்குப் பழி, சொத்துத் தகராறு, போதையில் செய்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட மனிதன் என்று நினைத்திருப்பேன். தேய்க்கச் சொன்னது நான். புது வண்ணம் அடிக்கச் சொல்லி நச்சரித்தது நான். இந்த நாய் கொன்றது துருவுக்காக. கத்தியை ஓங்கினேன். கடவுள் சாட்சியாக ஓங்கினேன், இறக்குவதற்குத்தான்.

"நெனித்தா, அவன் உன்னப் பாக்கவே இல்ல பாரு" என்று மணலில் கிடந்த அண்ணன் முனகினார்.

பார்த்தேன். அவன் கண் என் கத்தியில் இல்லை, என் முகத்திலும் இல்லை. என் தோளுக்கு மேலே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாகப்போகிறவன் கண்ணில் பயம் என்று துளியும் இல்லை. இவனை வெட்டினால் இவனுக்கு வலிக்கப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்தேன். லைட்டரை எடுத்து, பெட்ரோல் சொட்டும் வண்டியின் பக்கம் போனேன். அப்போது கத்தினான் பாருங்கள். விரல் போனபோது கத்தாதவன், முட்டி உடைந்தபோதுகூட முனகியதோடு நிறுத்தியவன், அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"வேணாம்! வேணாம்க்கா! என்ன வெட்டிப்போடு! அதத் தொடாத!"

"இப்ப அக்காவா? இவ்ளோ நேரம் நீதான்டா கொளுத்தப் போன?"

"என்னால முடியலக்கா!"

என் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் இருந்தது. ஒரு தேய்ப்புத்தான். அவன் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"அதக் கொளுத்துனா இவன் வெளிய வந்துடுவான்" என்றார் அண்ணன். "அந்த சீட்டு, அந்த ரத்தம், அதுதான் சாட்சி. நம்ம பொம்மையக் காட்டி எந்தக் கோர்ட்டுல ஜெயிக்கிறது? யோசி தாயே."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஜன்னல்களை எல்லாம் ஏற்றி மூடியிருந்தான். அந்தக் கறையைத் துடைக்கக்கூட இல்லை அவன். பத்திரமாக வைத்திருந்தான். அங்கேதான் வில்மோர் தலை சாய்ந்திருக்கிறது. லைட்டரைக் கடல் பக்கம் வீசிவிட்டு, மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

போலீஸும், பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் வந்தன. கொளுத்திடுவான், கொளுத்திடுவான் என்று டெல்ஃபின் கத்தியே அவர்களையும் கிளப்பியிருக்கிறான். கிரிசாந்தோவுக்கு விலங்கு மாட்டி, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, தூக்குப்படுக்கையில் கிடத்தினார்கள். தீயணைப்புக்காரர் வண்டியைச் சுற்றிவந்து மூக்கைச் சுருக்கினார்.

"பெட்ரோல முழுசாக் கழுவணும். இல்லன்னா இழுத்துட்டுப் போறப்ப ஒரு பொறி போதும். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

படுக்கையில் கிடந்தவன் துள்ளினான். "தண்ணி அடிக்காதீங்க சார்! பெயிண்ட் உரிஞ்சிடும்! துணி, துணியால ஒத்தி எடுங்க சார், கையெடுத்துக் கும்புடுறேன்!"

போலீஸ்காரர் அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் தீயணைப்புக்காரர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினேன். ஏய், ஏய் என்றார். என் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாரோ, முகத்தைப் பார்த்தாரோ, பேசாமல் பின்னால் வந்து என்னோடு சேர்த்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். "கதவு ஜன்னல் பக்கம் வேணாம்மா, மேலயும் முன்னாடியும் மட்டும்" என்றார் காதருகே. தலையாட்டினேன்.

திறந்ததும் தண்ணீர் பானெட்டில் போய் அறைந்தது. இரண்டு வருடமாக அவன் உப்புப் பூசி வளர்த்த துரு பொருக்குப் பொருக்காகப் பறந்தது. மீன் செதில் மாதிரி நின்ற வண்ணம் உரிந்து ஓடியது. கூரைக்குத் திருப்பினேன். பள்ளத்தில் இருந்த வளையங்கள் கரைந்து செந்தண்ணீராக வழிந்தன. ஒவ்வொரு அடிக்கும் அவன் அலறினான். என் தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், மூக்கொழுக, எச்சில் ஒழுக, பெற்ற பிள்ளையை வெட்டுவதுபோல் அழுதான். எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது, சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

"கத்துடா" என்றேன். "நல்லாக் கத்து."

துருக்கறை கழுவிப் போன இடத்தில் மஞ்சள் தெரிந்தது. திட்டுத் திட்டாகத்தான், ஆனால் வில்மோர் அதை முதன்முதலில் ஓட்டிவந்து ஹாரனை அடித்து என்னைக் கூப்பிட்ட அன்று இருந்த அதே மஞ்சள். இன்னும் கத்து என்று சொல்லப்போனேன், சத்தம் வரவில்லை. இரண்டு வருடமாகத் திட்டினேன், சபித்தேன், கத்தி தீட்டினேன். அவனுக்காக ஒருநாள்கூட அழுததில்லை. இப்போது வந்தது அழுகை, முறிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. குழாயை மட்டும் நான் விடவில்லை.